நடுவில் மேடை, சுற்றிலும் கடன்: வட்டரங்கம் நடத்தி மூடிய ஆறு வருடங்கள்

சாவியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்து எட்டு மாதம் ஆகிறது. இப்போதுதான் இதைப் பற்றி எழுதக் கை வருகிறது. ஆறு வருடம் ஒரு வட்டரங்கத்தை நடத்தினேன். நடுவில் வட்டமான மேடை, நான்கு பக்கமும் ஆட்கள், மொத்தம் 320 இருக்கைகள். முதல் இரண்டு வருடம் டிக்கெட் கிடைக்காமல் திரும்பிப் போனவர்கள் உண்டு. கடைசி வருடத்தில் நடிகர்களைவிடப் பார்வையாளர்கள் குறைவாக இருந்த இரவுகளும் உண்டு. என் சேமிப்பு முழுவதும் போனது. அப்பா எழுதிவைத்த மனையும் போனது. வேலைக்குத் திரும்பிவிட்டேன், இன்னும் மூன்று வருடத்துக்குச் சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்கு கடனுக்குப் போகும். இதெல்லாம் தெரிந்த ஒருவர் ஆரம்பத்திலேயே என்னை உட்காரவைத்து ஒரு மணி நேரம் பேசியிருந்தால் பாதியாவது மிஞ்சியிருக்கும். அந்த ஒரு மணி நேரப் பேச்சாக இதை எடுத்துக்கொள்ளுங்கள்.

முதன்முதலில் வட்டரங்கில் நாடகம் பார்த்தபோது எனக்கு வயது 34. முதல் வரிசை. மனைவியிடம் பொய் சொல்லும் கணவனாக நடித்தவர் என் முழங்காலிலிருந்து இரண்டடி தள்ளி நின்றார். அவர் கழுத்து நரம்பு துடிப்பது தெரிந்தது. அவரைத் தாண்டி எதிர்வரிசையில் ஒரு பெண்மணி உதட்டைக் கடித்துக்கொண்டு அழுகையை அடக்கினார். அவரைப் பார்த்து எனக்குத் தொண்டை அடைத்தது. படச்சட்ட மேடையில், அதாவது ஒரு பக்கம் மட்டும் பார்வையாளருக்குத் திறந்திருக்கும் வழக்கமான மேடையில், பத்து வருடமாக அமெச்சூர் நாடகம் போட்டவன் நான். முன்னால் இருப்பவரின் பின்மண்டையைத் தவிர வேறு பார்வையாளரை அங்கே பார்த்ததில்லை. அன்று இரவு வீட்டுக்குப் போகாமல் ரொம்ப நேரம் நடந்துகொண்டே இருந்தேன். இப்படி ஓர் இடம் நம் கையில் இருக்க வேண்டும் என்று தோன்றிவிட்டது. தோன்றியதோடு விட்டிருக்கலாம்.

கட்டடம் கிடைத்த விதம்தான் முதல் தவறு. காலியாகக் கிடந்த ஒரு பழைய கண்காட்சிக் கூடம். வட்ட வடிவம், மேலே குவிமாடம், நடுவில் ஒரு தூண்கூடக் கிடையாது. எனக்காகவே கட்டியது போல இருந்தது. இடத்துக்காரர் ஒன்பது வருடக் குத்தகை கேட்டார். அதில் முதல் ஐந்து வருடம் நான் காலி செய்யக் கூடாது, செய்தால் மீதி வாடகையைக் கட்ட வேண்டும். கையெழுத்துப் போட்டேன். ஒரே ஒரு வாரம் அந்தக் கூடத்தை வாடகைக்கு எடுத்து, தரையில் சுண்ணாம்பால் வட்டம் போட்டு, பிளாஸ்டிக் நாற்காலி அடுக்கி நான்கு காட்சி நடத்திப் பார்த்திருக்கலாம். அப்படிச் செய்திருந்தால் அடுத்துச் சொல்லப்போவதில் பாதி எனக்கு அந்த வாரமே தெரிந்திருக்கும்.

அந்தச் சமயத்தில் இரவெல்லாம் வட்டரங்க வரலாறு படித்தேன். 1940-ல் அமெரிக்காவின் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் க்ளென் ஹ்யூஸ் உருவாக்கிய பென்ட்ஹவுஸ் தியேட்டர். 1947-ல் டல்லாஸில் மார்கோ ஜோன்ஸ் 198 இருக்கைகளோடு தொடங்கிய அரங்கம். அதன் பெயரிலேயே வருடத்தை வைத்து, ‘தியேட்டர் 47’, ‘தியேட்டர் 48’ என்று புத்தாண்டுக்குப் புத்தாண்டு மாற்றிக்கொண்டே போனார். 1949-ல் நியூ ஜெர்சியின் லாம்பர்ட்வில்லில் செயின்ட் ஜான் டெரல் சர்க்கஸ் கூடாரம் அடித்து நடுவில் இசை நாடகம் நடத்தினார். 1955-ல் இங்கிலாந்தின் ஸ்கார்பரோவில் ஸ்டீஃபன் ஜோசப் ஒரு நூலகத்தின் மாடி அறையில் நாற்காலி போட்டு ஆரம்பித்தார். படிக்கப் படிக்க ஆசை ஏறிக்கொண்டே போனது. ஆனால் எல்லாவற்றிலும் தொடக்கத்தை மட்டும் படித்தேன். மார்கோ ஜோன்ஸ் 1955-ல் இறந்ததும் அவருடைய அரங்கம் தள்ளாடி 1959-ல் மூடப்பட்டது என்பதைப் பல வருடம் கழித்துத்தான் கவனித்தேன்.

வேலை தொடங்கியது. மேடை 24 அடி விட்டம். சுற்றி எட்டு வரிசை, ஒவ்வொன்றும் முன்னதைவிட உயரமாக. நான்கு கேங்வே, அதாவது இருக்கைகளுக்கு நடுவே நடைவழி, அவைதான் நடிகர்கள் உள்ளே வருவதற்கும் வழி. மேடைத் திரை வேண்டாம், சீன் வரைய வேண்டாம், பக்கவாட்டுத் தட்டி வேண்டாம், அதனால் செலவு குறையும் என்று கணக்குப் போட்டிருந்தேன். சீன் செலவு குறைந்தது உண்மைதான். அது வேறு வழியாக வந்து சேர்ந்தது. லைட்டிங் செய்ய வந்த அண்ணன் ஒருவர், இந்தத் தொழிலிலேயே முடி நரைத்தவர், என் பட்ஜெட்டைப் பார்த்துவிட்டுச் சிரித்தார். “தம்பி, முன்னாடி மட்டும் ஆள் உட்கார்ந்தா ஓர் இடத்துக்கு ரெண்டு விளக்கு போதும். இங்க நாலு பக்கமும் முகம் தெரியணும். ஓர் இடத்துக்கு மூணு, முடிஞ்சா நாலு. அதுவும் செங்குத்தா மேல இருந்து அடிக்கணும், சாய்ச்சா எதிர் வரிசைக்காரன் கண்ணுல விழும்” என்றார். விளக்கு இரட்டிப்பானது, வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் டிம்மர் இரட்டிப்பானது, மேலே அதையெல்லாம் தாங்கும் இரும்புச் சட்டம் கனமானது, மின் இணைப்பின் கொள்ளளவையும் கூட்ட வேண்டியதாயிற்று. செங்குத்தாக அடித்தால் கண்குழியில் நிழல் விழும் என்பதால் தரையை வெளிர் நிறமாக்கி வெளிச்சத்தை மேலே திருப்பும் வித்தையும் அவர் சொன்னதுதான். வட்டரங்கில் எல்லோரும் மேலிருந்து கீழே பார்ப்பதால் தரைதான் சீன். நாடகத்துக்கு நாடகம் தரையை மாற்ற வேண்டும்.

அப்புறம் குவிமாடம். இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் குவிமாடத்தைப் பார்த்து மயங்கியவன் நான் ஒருவனாக மட்டும் இருக்க மாட்டேன். வேலை முடிந்த அன்று மேடை நடுவில் நின்று ஒரு வசனத்தைச் சொன்னேன். யாரோ என் பின்னாலிருந்து அதையே திருப்பிச் சொன்னார்கள். திரும்பிப் பார்த்தேன், ஆள் இல்லை. உள்வளைவான கூரை ஒலியை வாங்கி ஒரே இடத்தில் குவித்து அனுப்பும், குழிக்கண்ணாடி வெளிச்சத்தைக் குவிப்பது போல. அந்த இடம் சரியாக மேடை நடுவில் அமைந்துவிட்டது. நடிகருக்குத் தன் குரலே காதுக்குள் வந்து குழப்பும். மூன்றாவது வரிசைக்கோ ஒன்றும் தெளிவாகக் கேட்காது. ஒலி நிபுணரை அழைத்து, குவிமாடத்துக்குக் கீழே ஒலி உறிஞ்சும் தட்டிகளைத் தொங்கவிட்டோம். போட்ட மொத்தப் பட்ஜெட்டில் பத்தில் ஒரு பங்கு, திட்டத்திலேயே இல்லாத செலவு, ஒன்றரை மாதத் தாமதம். குத்தகைக்கு முன்னால் நடுவில் நின்று ஒரு முறை கைதட்டிப் பார்த்திருந்தாலே தெரிந்திருக்கும். வட்டக் கட்டடம் பார்க்கப் போகிறவர்கள் தயவுசெய்து நடுவில் நின்று கைதட்டுங்கள்.

தட்டி போட்ட பிறகும் ஒரு சிக்கல் மிஞ்சியது. நடிகர் திரும்பி நின்றால் அவர் முதுகுப் பக்கத்துக்குக் குரல் போகும், வார்த்தை போகாது. உயிரெழுத்து வந்து சேரும், மெய்யெழுத்து வழியிலேயே உதிர்ந்துவிடும். க, ச, த, ப எல்லாம் முன்பக்கம்தான் பாயும். இதற்குக் கருவி உதவாது, நடிப்புமுறைதான் மாற வேண்டும். முக்கியமான வசனத்தைக் கேங்வே வாயில் நின்று சொல்ல வேண்டும்; அங்கே நின்றால் முதுகுக்குப் பின்னால் பெரும்பாலும் ஆள் இருக்க மாட்டார்கள். ஒரே இடத்தில் அரை நிமிடத்துக்கு மேல் அசையாமல் நிற்கக் கூடாது. உட்காரும் நாற்காலிக்கு உயரமான சாய்வு கூடாது. இதைக் கற்றுக்கொள்ள என் சொந்தக் குழுவுக்கே நான்கு மாத ஒத்திகை ஆனது.

சரி, திறந்தோம். அந்த முதல் வருடத்தை இப்போது நினைத்தாலும் உடம்பு சிலிர்க்கிறது. மூன்றாவது நாடகத்தில் ஒரு காட்சி. தொலைந்த பீரோச் சாவியைக் கதாநாயகன் பதறிக்கொண்டு தேடுவான். ஒரு நாள் தேடும் அவசரத்தில் கால் இடறி, நிஜச் சாவி மேடையிலிருந்து உருண்டு முதல் வரிசைக்கு அடியில் போய்விட்டது. நடிகர் பார்க்கவில்லை. அவர் நடிப்பாகத் தேடுகிறார், நாங்கள் லைட்டிங் அறையில் நிஜமாகவே பதறுகிறோம். ஏழெட்டு வயதுப் பெண் குழந்தை ஒன்று எழுந்து நின்று, “அங்கிள், எங்க பாட்டி பெஞ்சுக்கு அடியில இருக்கு” என்றாள். நடிகர் அப்படியே மண்டியிட்டு, பாட்டியின் கால்மாட்டில் கையை விட்டு எடுத்து, குழந்தையைப் பார்த்து, “யார்கிட்டயும் சொல்லாத” என்று மெதுவாகச் சொன்னார். 320 பேரும் கைதட்டினார்கள். கதையில் அவன் அந்தச் சாவியை வைத்துத்தான் திருடப்போகிறான். குழந்தை அதன்பிறகு காட்சி முடியும் வரை குற்றவாளி மாதிரி உட்கார்ந்திருந்தாள். இந்த மாதிரி இரவுகள்தான் மனிதனை ஏமாற்றும். எல்லா இரவும் இப்படியே போகும் என்று நம்பி, அடுத்த கடனுக்கு விண்ணப்பம் போட்டேன்.

கணக்கைச் சொல்லிவிடுகிறேன். வாரத்துக்கு நான்கு காட்சி. ஒரு காட்சிக்கு 190 டிக்கெட் விற்றால் கையைக் கடிக்காது. முதல் வருடச் சராசரி 260. இரண்டாம் வருடம் 225. மூன்றாம் வருடம் 170. புதுமைக்காக வந்தவர்கள் ஒரு முறை வந்து பார்த்துவிட்டுப் போய்விட்டார்கள், அவ்வளவுதான். இதை நான் சரிவு என்று புரிந்துகொள்ளவில்லை. நாடகம் சரியில்லை, விளம்பரம் போதவில்லை, மழை, தேர்வுக்காலம் என்று மாதம் ஒரு காரணம் கண்டுபிடித்தேன். முதல் வருட வருமானத்தை யாரும் நிரந்தரம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். இரண்டாம் முறை வந்தவர் எத்தனை பேர் என்பதைத் தனியாக எண்ணுங்கள். நான் எண்ண ஆரம்பித்தது நான்காம் வருடத்தில். நூற்றுக்குப் பன்னிரண்டு பேர்தான் திரும்பி வந்திருந்தார்கள்.

காலி இருக்கை எல்லா அரங்குக்கும் உள்ள நோய். வட்டரங்கில் அது வேறு விதமாக வலிக்கும். படச்சட்ட மேடையில் பாதிக் கூட்டம் வந்தால் எல்லோரையும் முன்னால் கூட்டி உட்காரவைக்கலாம். பின்னால் இருக்கும் வெறுமை இருட்டில் கிடக்கும், யாரும் பார்ப்பதில்லை. இங்கே பார்வையாளரின் பின்னணியே எதிரில் இருக்கும் பார்வையாளர்தான். எதிரே பத்துக் காலி இருக்கையும் தூங்கும் ஒரு பெரியவரும் இருந்தால், எவ்வளவு உருக்கமான காட்சி நடந்தாலும் கண் அங்கேதான் போகும். வந்தவர் வீட்டுக்குப் போய் “கூட்டமே இல்லை” என்றுதான் சொல்வார், நாடகத்தைப் பற்றிச் சொல்ல மாட்டார். இதற்கு நாங்கள் தாமதமாகக் கண்டுபிடித்த மருந்து, டிக்கெட்டை வரிசை வரிசையாக விற்பது. நான்கு பக்கத்திலும் முதல் மூன்று வரிசை நிறைந்த பிறகுதான் நான்காவதைத் திறப்பது, மேலே இருப்பதைக் கறுப்புத் துணியால் மூடிவிடுவது. 120 பேர் வந்தாலும் நிறைந்த மாதிரி இருக்கும். முதல் நாளிலிருந்தே இதைச் செய்யுங்கள்.

மூன்றாம் வருடம் சொந்தக் குழுவால் மட்டும் தேதிகளை நிரப்ப முடியாது என்று தெரிந்தது. மற்றக் குழுக்களை அழைத்தேன். வந்து பார்த்தவர்கள் எல்லோரும் “பிரமாதமா இருக்கு சார்” என்றார்கள். தேதி கேட்டால் நழுவினார்கள். அவர்களுடைய நாடகம் முன்பக்கம் பார்த்து அமைத்தது. இங்கே ஒரே ஒரு காட்சிக்காக எல்லா அசைவையும் மாற்றி, மூன்று வாரம் ஒத்திகை பார்த்து, சீனைத் தூக்கிப் போட்டுவிட்டு வர வேண்டும். யார் வருவார்கள்? ஊர் ஊராகப் போகும் நாடகத்துக்கு வட்டரங்கம் வழியில் வரும் பள்ளம். சொந்தமாக நாடகம் தயாரிக்கும் நிரந்தரக் குழு இல்லாமல் இதில் இறங்கக் கூடாது. ஸ்கார்பரோ அரங்கம் இன்றுவரை நிற்பதற்கு ஒரு பெரிய காரணம், அலன் அய்க்பார்ன் போன்ற ஒரு நாடகாசிரியர் அங்கேயே இருந்து அந்த வட்டத்துக்கென்றே வருடாவருடம் எழுதிக்கொடுத்தது.

நாடகம் கைகொடுக்காததால் இசைக்குப் போனேன். பாடகர் நடுவில் நிற்பார், நான்கு பக்கமும் முகம் காட்ட வேண்டும், அதனால் மேடையைச் சுழலவைக்கலாம் என்று ஒருவர் யோசனை சொன்னார். சுழல் மேடை, மோட்டார், கட்டுப்பாட்டுப் பெட்டி. அதற்காக இரண்டாவது கடன். முதல் சில நிகழ்ச்சிகள் அமர்க்களம். எட்டு நிமிடத்துக்கு ஒரு சுற்று, யாருக்கும் தலை சுற்றாது. ஒன்பதாவது நிகழ்ச்சியில், கொஞ்சம் பெயர் பெற்ற பாடகர், இரண்டாவது பாட்டின் சரணத்தில் மோட்டார் நின்றது. நின்ற இடத்திலிருந்து மேடையைக் கையால் தள்ளவும் முடியவில்லை, கியர் பூட்டிக்கொண்டுவிட்டது. பாடகர் பாவம், தானே திரும்பித் திரும்பிப் பாடினார். ஆனால் வாத்தியக்காரர்களும், பாடகருக்கே அவர் குரல் கேட்க வைக்கும் மானிட்டர் ஸ்பீக்கர்களும் ஒரே திசையில் உட்கார்ந்துவிட்டன. ஸ்பீக்கர் நேராக இருக்கும் பக்கம் அவர் திரும்பியபோதெல்லாம் மைக் கீச்சிட்டது. ஒரு பக்கம் உட்கார்ந்திருந்த எண்பது பேர் ஒரு மணி நேரம் ட்ரம்ஸ்காரரின் முதுகைப் பார்த்தார்கள். இடைவேளையில் டிக்கெட் கவுன்டரில் நான்தான் நின்றேன். முழுப் பணத்தையும் திருப்பிக் கொடுத்தேன், பாடகருக்கு முழுச் சம்பளமும் கொடுத்தேன். அந்த ஒரு இரவின் நஷ்டம் ஐந்து வார லாபத்துக்குச் சமம்.

சுழல் மேடை போடுவதென்றால், மோட்டார் செத்தாலும் நான்கு பேர் சேர்ந்து தள்ளிச் சுழற்றக்கூடியதாக இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள். கேபிள் ஒரே திசையில் சுற்றிச் சுற்றி முறுக்கிக்கொள்ளும். அதற்கான இணைப்புச் சாதனத்துக்குப் பணம் இல்லையென்றால் ஒரு சுற்று வலம், ஒரு சுற்று இடம் என்று ஓட்டுவது உத்தமம். மோட்டார் விற்றவர் இதில் ஒன்றையும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

மோட்டாரைச் சரிசெய்தபிறகும் இசை கைவிட்டதற்குக் காரணம் எளிய கூட்டல் கழித்தல். பெயர் பெற்ற பாடகர் தன் சம்பளத்தை என் 320 இருக்கையை வைத்து நிர்ணயிப்பதில்லை, பெரிய அரங்கத்தில் அவருக்குக் கிடைப்பதை வைத்து நிர்ணயிக்கிறார். டிக்கெட் விலையை அதற்கேற்ப ஏற்றினால் 270 பேர் வர வேண்டும், ஏற்றிய விலைக்கு 150 பேர்தான் வருவார்கள். இருக்கையைக் கூட்டலாம் என்றால் ஒன்பதாவது வரிசை, பத்தாவது வரிசை என்று பின்னால் போகப் போக நெருக்கம் போய்விடும். நெருக்கம்தானே நான் விற்கும் சரக்கு?

இந்த இடத்தில்தான் அந்த வரலாற்றின் இரண்டாவது பாதியைத் தேடிப் படித்தேன். இரவு இரண்டு மணிக்கு, கணக்கு நோட்டுக்குப் பக்கத்தில். டெரலின் கூடாரத்தைப் பார்த்து அமெரிக்காவில் ஏகப்பட்ட கூடாரங்கள் முளைத்தன. பிறகு கூடாரங்களின் இடத்தில் கூரை போட்ட பெரிய கட்டடங்கள் வந்தன. 1963-ல் அனாஹைமில், டிஸ்னிலேண்டுக்கு எதிரிலேயே, மெலடிலேண்ட் திறந்தது. அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் அது தேவாலயமாகிவிட்டது. 1964-ல் லாஸ் ஏஞ்சலஸின் உட்லண்ட் ஹில்ஸ் பகுதியில் வேலி மியூசிக் தியேட்டர் குவிமாடத்தோடு எழுந்தது. அதுவும் சில வருடத்தில் நொடித்து, பின்னால் மதக் கூட்டங்களுக்கான மண்டபமாகி, 2007-ல் இடிக்கப்பட்டது. 1955-ல் கூடாரமாகத் தொடங்கிய வேலி ஃபோர்ஜ் மியூசிக் ஃபேர் 1996 வரை தாக்குப்பிடித்தது. ஓஹியோவின் ஃப்ரண்ட் ரோ தியேட்டர், மூவாயிரத்துக்கும் மேல் இருக்கை கொண்டது, 1974-ல் திறந்து 1993-ல் மூடியது. கடைசி இரண்டு அரங்குகளின் கழுத்தை நெரித்ததும் கிட்டத்தட்ட அதே கணக்குதான்: கேசினோக்களும் பெரிய அரங்குகளும் கலைஞர்களுக்குக் கொடுத்த சம்பளத்தை வட்டரங்கத்தால் கொடுக்க முடியவில்லை. மூவாயிரம் இருக்கைக்காரர் தோற்ற இடத்தில் 320 இருக்கையை வைத்துக்கொண்டு நான் மோதியிருக்கிறேன். ஆத்திரம் வரவில்லை. வெட்கமாக இருந்தது.

பிழைத்தவையும் இருக்கின்றன, அவற்றைப் பார்ப்பதுதான் பயன். மாசசூசெட்ஸில் கேப் காட் மெலடி டென்ட் 1950-லிருந்தும், சவுத் ஷோர் மியூசிக் சர்க்கஸ் 1951-லிருந்தும் ஓடுகின்றன. இரண்டும் கூடாரம், இரண்டும் கோடைக்காலத்தில் மட்டும், இரண்டையும் நடத்துவது லாப நோக்கில்லாத ஓர் அமைப்பு. கலிஃபோர்னியாவின் சேக்ரமென்டோவில் 1951-ல் கூடாரமாகத் தொடங்கிய இன்னொரு வட்டரங்கத்துக்கு நிரந்தரக் கட்டடம் வந்தது 2003-ல், ஐம்பது வருடத்துக்குப் பிறகு. நான் முதல் நாளே நிரந்தரத்தைத் தேடினேன். வருடத்தில் மூன்று மாதம் மட்டும் நடத்தி மீதி ஒன்பது மாதம் வாடகை கட்டாமல் இருப்பது எவ்வளவு பெரிய சலுகை என்பது, ஒன்பது மாதமும் கட்டியவனுக்குத்தான் தெரியும்.

காலி நாட்களில் வேறு எதற்காவது வாடகைக்கு விடலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். நானும் அதைத்தான் நம்பியிருந்தேன், வங்கிக்குக் கொடுத்த திட்ட அறிக்கையில் வருமானத்தில் கால் பங்கு அதிலிருந்து வரும் என்றே எழுதியிருந்தேன். நிறுவனக் கூட்டத்துக்காக இடம் பார்க்க வந்த ஒருவர் அரங்கைச் சுற்றி வந்து, “ஸ்க்ரீன் எங்க சார் மாட்டுவோம்?” என்றார். எங்கே மாட்டினாலும் பாதிப் பேருக்கு அது முதுகில் இருக்கும். நான்கு திரை தொங்கவிடலாம் என்றேன். அவர் போனவர்தான். நடனப் பள்ளி ஒன்று வந்தது. குழந்தைகள் முன்பக்கம் பார்த்து ஆடப் பழகியவர்கள். நான்கில் மூன்று பங்குப் பெற்றோருக்குத் தங்கள் பிள்ளையின் முகம் தெரியாது. பேச்சாளர்கள் ஒரு கூட்டத்தின் நடுவில் நிற்கவே பயப்பட்டார்கள். தரையோ மட்டமாக இல்லை, படிப்படியாக இறங்குகிறது, அதனால் கண்காட்சிக்கும் உதவாது. மொத்த ஆறு வருடத்தில் வெளி வாடகை வந்தது முப்பத்தொரு நாள். ஒரு கட்டடத்தை எடுக்கும் முன் ‘நிகழ்ச்சி இல்லாத செவ்வாய்க்கிழமை இங்கே என்ன நடக்கும்’ என்று கேட்டுப் பதிலை எழுதிவைத்துக்கொள்ளுங்கள். பதில் தெளிவாக இல்லையென்றால் படிகளை நிரந்தரமாகக் கட்டாதீர்கள். கழற்றி அடுக்கும் மேடைப் பலகைகளாகப் போடுங்கள். வேண்டியபோது வட்டம், வேண்டாதபோது சதுரத் தரை. நான் சிமென்ட்டில் கட்டினேன்.

ஐந்தாம் வருடம் தீயணைப்புச் சோதனை வந்தது. பார்வையாளர் வெளியேறும் வழியும் நடிகர் நுழையும் வழியும் ஒன்றே, அதில் நாற்காலி, மேசை, உடைக்கூடை எல்லாம் நிறுத்தியிருக்கிறீர்கள் என்று எழுதினார்கள். அவர்கள் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. இரண்டு வழிகளைத் தனியாகப் பிரித்துக் கட்டும் வரை பூட்டு. மூன்று மாதம். அந்த மூன்று மாதமும் வாடகை, சம்பளம், வட்டி ஓடியது, வருமானம் பூஜ்யம். என் கூட்டாளி அந்தச் சமயத்தில்தான் விலகினான். கல்லூரியிலிருந்து கூடவே வந்தவன். “எனக்கு ரெண்டு பிள்ளைங்கடா” என்றான், வேறு ஒன்றும் சொல்லவில்லை. கடன் பத்திரத்தில் இருவர் கையெழுத்தும் இருந்தாலும் வங்கி யாரை முதலில் பிடிக்கும் என்று நாங்கள் இருவருமே படித்துப் பார்க்கவில்லை. அவன் பங்கையும் நான் கட்டுகிறேன். அவன் மேல் கோபம் என்று சொல்ல முடியாது, ஆனால் அவன் வீட்டுத் தெரு வழியாகப் போவதில்லை. கூட்டாளி விலகினால் என்ன என்பதை நல்லுறவோடு இருக்கும் நாளிலேயே எழுதிக்கொள்ளுங்கள். பிறகு அதைப் பேசும் வாயே வராது.

கடைசி வருடம் நடத்தியிருக்கவே கூடாது. ஐந்து வருடக் கட்டுப்பாடு முடிந்த அன்றே சாவியைக் கொடுத்திருந்தால் அப்பாவின் மனை மிஞ்சியிருக்கும். இவ்வளவு போட்டுவிட்டோமே என்ற ஒரே எண்ணத்தில் இன்னொரு வருடம் போட்டேன். தூக்கம் போனது, வயிற்றுப் புண் வந்தது, வீட்டில் யாராவது “இன்னைக்கு எத்தனை பேர்?” என்று கேட்டால் எரிந்து விழுந்தேன். பிறகு அவர்கள் கேட்பதை நிறுத்திவிட்டார்கள். அதுதான் இன்னும் கஷ்டமாக இருந்தது. இத்தனை மாத நஷ்டம் தாண்டினால் மூடுவது என்று ஓர் எண்ணைத் தொடக்கத்திலேயே குறித்து, அதை வீட்டில் ஒருவரிடம் கொடுத்துவைத்திருக்க வேண்டும். நமக்கு நாமே குறித்துக்கொண்டால் அழித்து எழுதிவிடுவோம்.

கடைசிக் காட்சிக்கு 94 பேர் வந்தார்கள். முன்னால் மூன்று வரிசையும் முழுதாக நிறையவில்லை. லைட்டிங் அண்ணன் சம்பளம் வாங்கவில்லை. கடைசி விளக்கை அணைக்கும்போது வழக்கத்தைவிட மெதுவாக, பத்து விநாடிக்குப் பதில் அரை நிமிடம் எடுத்து இறக்கினார். எதிர்வரிசை முகங்கள் ஒவ்வொன்றாக மறைந்தன.

பொருட்களை விற்கும்போதும் ஒரு பாடம் இருந்தது. விளக்குகளும் டிம்மர்களும் வாங்கிய விலையில் பாதிக்கு உடனே போயின. ஒலித் தட்டிகளை ஒரு ஸ்டூடியோக்காரர் எடுத்துக்கொண்டார். சுழல் மேடையைப் பழைய இரும்புக்காரர் வெட்டி எடைக்கு எடுத்தார். இருக்கைகள் மட்டும் போகவே இல்லை. வட்டத்துக்கு ஏற்றபடி வளைத்துச் செய்த நீள பெஞ்சுகள் அவை, நல்ல மரம், ஒவ்வொரு வரிசைக்கும் வேறு வேறு வளைவு. வந்தவர்கள் எல்லோரும் தட்டிப் பார்த்தார்கள், உட்கார்ந்து பார்த்தார்கள், “நேரா இருந்தா எடுத்திருப்பேன் சார்” என்றார்கள். தனித்தனி நாற்காலியாகப் போட்டிருந்தால் ஒரு நாளில் விற்றிருக்கும். கடைசியில் விறகு விலைக்குத்தான் கொடுத்தேன். முதல் வரிசை பெஞ்சு ஒன்றை மட்டும் வீட்டுக்குக் கொண்டுவந்தேன். ஹாலில் சுவரோரமாகப் போட்டிருக்கிறோம். இரண்டு முனையும் சுவரைத் தொடுகிறது, நடுவில் ஒரு சாண் இடைவெளி. பேனா, ரிமோட், பிள்ளையின் அழிரப்பர் எல்லாம் அதற்குள் விழுந்துவிடுகிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் பெஞ்சை இழுத்து எல்லாவற்றையும் பொறுக்குகிறேன்.